வடமேற்கிலிருந்து வந்த நாற்றம்

நான் ஜீப்பிலிருந்து இறங்கியபோது தனசேகர் மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவிக் கரையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசிப் பலகை தண்ணீரில் ஊறி இறுகிப் போயிருந்தது. கடப்பாரையை விட்டு நெம்பினார். அது மேலே வந்ததும் இறால் குட்டையின் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்கத் தொடங்கியது. முதலில் சத்தமில்லாமல், பிறகு நுரையோடு.

தண்ணீரோடு இறாலும் போயிற்று. இன்னும் விரல் நீளம்கூட வளராத இறால். வாய்க்காலின் குறுக்கே கட்டியிருந்த வலையில் வந்து மோதி, ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து துள்ளின.

கரையில் அன்னக்கூடையும் பிளாஸ்டிக் குடமுமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். அந்தக் குட்டையை மூடச் சொல்லி முந்தின வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். யாரும் முதலில் இறங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தனசேகர்தான் வலையை அவிழ்த்தார். "எடுத்துக்கோங்க. வெயில் ஏறினா கெட்டுப்பூடும்" என்றார்.

ஒரு பெண் இறங்கினாள். அப்புறம் எல்லோரும் இறங்கினார்கள்.

நான் சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்ததே, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று அவரிடம் சொல்லத்தான். ஆனால் அவருக்குப் பொறுக்க வழியில்லை. குட்டையை மூடும்படி உத்தரவாகி, மின் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டர்கள் நின்றுவிட்டால் இறால் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். அப்படி மிதந்தால் குட்டை உண்மையாகவே நாறும். அதற்கு முன்னால் திறந்துவிட்டார்.

என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

இந்தத் தொடரில் நான் ஜெயித்த கதைகளைக் கொஞ்சம் சொல்லிவிட்டேன். இந்த வாரம் சொல்லப்போவதும், கணக்கு சரியாக வந்த கதைதான். ஆனாலும் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

கல்யாண வீட்டுக் கேள்வி

வானூர்ப் பக்கத்து எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான் மழை ஆபீசில் வேலை செய்கிறேன் என்பது முடிவான சங்கதி. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமாக்கள் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்த வருஷம் மணிலாக் கடலை விதைக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு மழையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவுதான் தெரியும்.

என் வேலை வேறு. காற்றில் பெரும்பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும். அவற்றைக் கழித்தால் மிஞ்சுகிற துளியில் மீத்தேன், ஓசோன், கந்தக வாயுக்கள் என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. நுண்ணளவு வாயுக்கள் என்போம். அளவில் அற்பம். ஆனால் ஊரைச் சூடாக்குவதும், நெஞ்சை எரிப்பதும், மூக்கைப் பொத்த வைப்பதும் அவைதான். அவை எங்கே பிறக்கின்றன, எந்த வழியாகப் போகின்றன, எங்கே போய் அழிகின்றன என்று கணினியில் கணக்குப் போடுவது என் பிழைப்பு. அந்தக் கணக்கை நாங்கள் மாடல் என்று சொல்வோம்.

கணக்கை முன்னோக்கியும் போடலாம், பின்னோக்கியும் போடலாம். ஓர் இடத்தில் ஒரு வாயு தென்பட்டால், அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களைக் கணினிக்குள் தூவிவிட்டுக் கடிகாரத்தைப் பின்னால் ஓட்டுவோம். காற்று வந்த வழியிலேயே துகள்கள் திரும்பிப் போகும். அவை தரையைத் தொட்டுப் போகிற இடங்களில் எங்கோ ஒன்றில்தான் அந்த வாயு கிளம்பியிருக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. என் தலைமுடி நரைத்தது இதில்தான்.

பம்ப் ஷெட்

மரக்காணத்துக்கு நாங்கள் போனது உப்புக்காக. உப்பளக் காற்றில் கடல் உப்பின் பொடி எப்போதும் மிதக்கும். விடிந்து வெயில் பட்டதும் அதிலிருந்து பிரிகிற சில வாயுக்கள் ஓசோனை அரிக்கின்றன என்று புத்தகங்கள் சொல்லின. நம் கரையில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டோம். அதற்கு ஒரு கம்பமும், அதன் உச்சியிலிருந்து காற்றை உறிஞ்சும் குழாயும், கீழே ஒரு அறையில் கருவியும், நிற்காத மின்சாரமும் வேண்டும்.

உப்பளக்காரர்கள் பலரிடம் இடம் கேட்டோம். எதற்கு வம்பு என்று நகர்ந்துவிட்டார்கள். தனசேகர் மட்டும், "வைங்க. என் மோட்டாரே ராத்திரி பகல் ஓடுது, உங்க மிஷினு என்னா சாப்பிட்டுடப் போவுது" என்றார்.

அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அப்பா விட்டுப்போன உப்புப் பாத்திகளில், சில வருஷம் பருவம் தவறிய மழையில் உப்பு கரைந்து போக, இறாலுக்கு மாறியவர். குட்டையின் தென்கிழக்கு மூலையில் அவருடைய பம்ப் ஷெட். அதில் பாதியை எங்களுக்கு ஒதுக்கினார். வாடகை பேசியபோது வேண்டாம் என்றார். அவர் மனைவி கலைச்செல்வி, நான் வரும் நாள் தெரிந்தால் கேழ்வரகுக் களியும் இறால் தொக்கும் செய்து தூக்குவாளியில் கொண்டுவந்துவிடுவார். அவர்களுடைய ஒரே பெண் நித்யா கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். திண்டிவனம் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே எனக்குப் பிடித்தது காலை நேரம். பாத்திகளில் உப்பு வாருபவர்கள் வெயிலுக்கு முந்திக்கொள்ள இருட்டோடு வந்துவிடுவார்கள். பலகை இழுபடும் சத்தம் ஒரே சீராகக் கேட்கும். ஏரேட்டர் துடுப்புகள் தண்ணீரை அடிக்கும். நான் ஷெட்டுக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே களி சாப்பிடுவேன். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. என் வேலை வாழ்க்கையிலேயே நிம்மதியான இரண்டு வருஷம்.

காலைப் பிரார்த்தனை

மூன்றாவது கோடையில் நாற்றம் வந்தது. அழுகிய முட்டை நாற்றம். விடியும்போது வரும். வெயில் ஏறி, கடற்காற்று எழும்பியதும் போய்விடும். குட்டைக்குத் தென்கிழக்கே உப்பளத் தொழிலாளர்களின் குடியிருப்பும், அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடமும் இருக்கின்றன. தலைவலி, வாந்தி என்று பேச்சு பரவியது. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் யாராவது, இன்றைக்கும் வந்துவிட்டது என்று போடுவார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனையில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். பலராமனின் மகள். பலராமன் உப்பளத்தில் மேஸ்திரி. அவர் சொன்னால் ஐம்பது பேர் கேட்பார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய மனிதர், திரும்பி வந்ததும் நேராகக் குட்டைக்குத்தான் வந்தார்.

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. நாற்றம் வரும்போது காற்று வடமேற்கிலிருந்து அடிக்கிறது. வடமேற்கில் தனசேகரின் குட்டை இருக்கிறது. அதைத் தாண்டினால் முந்திரித் தோப்பும் வெறும் பொட்டலும். அங்கே நாறுவதற்கு வேறென்ன இருக்கிறது?

எங்கள் கருவியும் அதையே சொன்னது. விடியற்காலைகளில் அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு வாயு குபீரென்று ஏறியிருந்தது. காற்றுமானியின் அம்பு வடமேற்கு. வரைபடத்தில் அந்த அம்பிலிருந்து ஒரு கோடு கிழித்தால் குட்டையின் நடுவே போகும்.

எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. குட்டையில் ஏரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. காற்று நன்றாகக் கலக்கிற தண்ணீரில் அந்த வாயு இவ்வளவு பிறப்பது கடினம். இரண்டு வருஷம் அந்தக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்கு அங்கே எப்போதும் பாசி வாசனைதான் வந்திருக்கிறது.

பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். தலைமையாசிரியை எஸ்தர் என்னையும் அழைத்திருந்தார். காற்று வீசும் திசையை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டாம், அந்தக் காற்று அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். சரி, குட்டையிலிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வருகிறது என்று ஒரு அதிகாரி கேட்டார்.

இன்னும் தெரியாது என்றேன்.

அதுதான் உண்மை. எங்கள் தொழிலில் அது மரியாதையான பதிலும்கூட. ஆனால் அந்த வராந்தாவில் அது எப்படிக் கேட்டது என்பதை எதிரே இருந்த முகங்களில் பார்த்தேன்.

பலராமன் எழுந்தார். கோபமாகப் பேசவில்லை. "மேடம், உங்க மிஷினு அவரு ஷெட்டுல இருக்குது. அவரு கரண்ட்ல ஓடுது. அவரு வூட்டு சோத்த நீங்க சாப்பிட்றத நாங்க பாத்துக்கினுதான் இருக்கோம். நீங்க வேற என்னா சொல்லுவீங்க?"

கூட்டம் முடிந்ததும் தனசேகர் என்னிடம் வந்தார். "அவன் சொல்றது கரெக்ட்டு மேடம். இது என் ஷெட்டுல இருக்கற வரைக்கும் நீங்க சொல்றது எதுவும் எடுபடாது. எடுத்துட்டுப் போயிடுங்க."

கருவியைப் பள்ளிக்கூட மாடிக்கு மாற்றினோம். வண்டிவரைக்கும் பெட்டிகளைத் தூக்கி வந்தது அவர்தான். அந்தக் கருவி தொட்டாற்சிணுங்கி. இடம் மாற்றினால் மறுபடி தரம் பார்த்து, அளவு திருத்தி, நம்பும்படி ஓட வைக்க வாரக்கணக்கில் ஆகும். ஆயிற்று. அதற்குள் மகளின் ரிப்போர்ட்டோடு பலராமன் அலுவலகங்களுக்கு நடந்தார், மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், உத்தரவு வந்தது.

ஒரு பெண் குழந்தை மயங்கி விழுந்திருக்கும்போது, பொறுங்கள் என்று யாரிடம் சொல்ல முடியும்? அதிகாரிகளையும் குற்றம் சொல்ல மாட்டேன். கையில் இருந்ததை வைத்து முடிவெடுத்தார்கள்.

மழை

குட்டையைத் திறந்துவிட்ட மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பருவத்துக்குச் சம்பந்தமில்லாத கோடை மழை. விட்டுவிட்டு ஒரு வாரம் பெய்தது. உப்பளங்கள் எல்லாம் தண்ணீரில் கிடந்தன.

நாற்றம் நின்றது.

குட்டையை மூடினார்கள், நாற்றம் போயிற்று. இதற்குமேல் யாருக்கு என்ன ஆதாரம் வேண்டும்? குரூப்பில் கைகூப்பும் படங்கள் வந்தன. அடுத்த இரண்டு கோடையிலும் தண்ணீருக்குக் குறைவில்லாததால் நாற்றம் திரும்பியும் வரவில்லை.

திண்டிவனம் சம்பந்தம் முறிந்தது. அவர்கள் காரணம் எதுவும் சொல்லவில்லையாம். ஆனால் மாப்பிள்ளையின் சித்தப்பா யாரிடமோ, ஊர்ப் பிள்ளைகளுக்கு விஷம் வைத்தவன் வீட்டிலா பெண் எடுப்பது என்று கேட்டது கலைச்செல்வியின் காதுவரை வந்துவிட்டது. தனசேகர் இடத்தை விற்றார். நான் அடுத்த முறை போனபோது ஷெட்டில் பூட்டு தொங்கியது. போன் நம்பர் மாறியிருந்தது. குட்டை காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பள்ளிக்கூட மாடியில் எங்கள் கருவி மட்டும் சுத்தமான காற்றை அளந்துகொண்டிருந்தது.

கணினிக்குள் ஒரு கட்டாந்தரை

நானும் என் சக ஊழியர் ரகுவும் கணக்கை விடவில்லை. நிறுவனத்தில் இதற்கென்று யாரும் கேட்கவில்லை. மற்ற வேலைகளின் இடுக்கில் செய்தோம்.

உலகம் முழுவதற்குமான காற்றுத் தரவு பெரிய பெரிய சதுரக் கட்டங்களாகத்தான் கிடைக்கும். அதில் மரக்காணத்தின் கடல், குடியிருப்பு, குட்டை, உப்பளம், தென்மேற்கே இருக்கிற கழுவெளி ஏரி எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒரு கட்டத்துக்கு ஒரு காற்று. அதில் யார் வீட்டுப் பக்கம் அடிக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆகவே கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னும் சின்னக் கட்டம் என்று வெட்டிக்கொண்டே போனோம்.

முதல் தடவை ஓட்டியபோது துகள்கள் எல்லாம் கடலுக்குள் போய் நின்றன. அப்படியானால் மீன்தான் நாறியிருக்க வேண்டும் என்றான் ரகு. இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது இன்னும் சிரிப்பு வந்தது.

பல மாதம் கழித்துத்தான் கோளாறு பிடிபட்டது. கணினிக்குக் கொடுத்திருந்த நிலவரைபடத்தில் உப்பளம் முழுவதும் வறண்ட கட்டாந்தரை என்று குறித்திருந்தது. வெயிலில் கட்டாந்தரை கொதிக்கும். தரை கொதித்தால் கடற்காற்று பலமாக இழுபடும். உண்மையில் அது விரற்கடைத் தண்ணீர் தேங்கி நிற்கும் பாத்தி, அவ்வளவு சூடாகாது. நான் களி தின்றுகொண்டே நாள் முழுவதும் பார்த்த தண்ணீர். அதைக் கணினிக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இத்தனை நாள் ஆகிவிட்டது.

பாத்திகளை ஈரமாக்கினோம். பெரிய கணினியில் இடம் கிடைக்க மறுபடி காத்திருந்தோம். மழைக்காலம் வந்தால் எங்களைப் போன்றவர்களின் கணக்கு வரிசையின் கடைசிக்குப் போய்விடும், புயலுக்குத்தான் முதலிடம். அது நியாயமும்கூட.

கடைசியில் ஓடியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான்.

பள்ளிக்கூட மைதானத்தில் விடியற்காலைக் காற்றில் தூவிய துகள்கள் பின்னோக்கிக் கிளம்பின. வடமேற்கே போயின. தனசேகரின் குட்டை மேலே போயின. அங்கே நிற்கவில்லை. முந்திரித் தோப்பைத் தாண்டி, பொட்டலைத் தாண்டி, உள்நாட்டு ஊர் ஒன்றை நெருங்கும்போது வேகம் குறைந்தது. அது முந்தின நாள் சாயங்காலம். அங்கே கிட்டத்தட்ட அசையாமல் நின்று, பிறகு தெற்கே திரும்பின. முந்தின நாள் மத்தியானக் கடற்காற்றின் வழியில் பின்னால் நடந்து, கழுவெளியின் மேல் போய்த் தரையோடு தரையாகப் படிந்தன.

அந்தக் கோடையில் கழுவெளி வற்றிக்கொண்டிருந்தது. கோரையும் பாசியும் கறுப்புச் சேற்றில் மக்கிக் கிடந்த காலம். அங்கே பிறந்த வாயுவைக் கடற்காற்று மத்தியானத்தில் உள்நாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இரவில் தரை குளிர்ந்ததும் அது மேலே கலைய வழியில்லாமல் தாழ்வாகத் தங்கி, நிலக்காற்றோடு வேறு பாதையில் கடலை நோக்கித் திரும்பியிருக்கிறது. திரும்புகிற வழியில் குட்டை இருந்தது. அவ்வளவுதான். பிறகு பெய்த மழை கழுவெளிச் சேற்றை மூடிவிட்டது.

நாற்றம் வந்த நாட்களையும் வராத நாட்களையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தோம். பொருந்தியது. ரகு என் கையைக் குலுக்கினான். நான் எழுந்து கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

கோழிப்பண்ணை

அந்த உள்நாட்டு ஊருக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவிடம், மழை பெய்ததே ஒரு கோடையில், அதற்கு முன்னால் இங்கே ஏதாவது கெட்ட வாடை வந்ததா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"வராமயா? பொழுது சாஞ்சா போதும், கொடலப் பொரட்டும். கோழிப் பண்ணக்காரங்கிட்ட போய் எல்லாரும் சண்ட போட்டோம். அவன் ஷெட்டயே காலி பண்ணிக்கினு போய்ட்டான்" என்றார் அவர்.

கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு ஊர். ஒரே காற்று. ஒவ்வொரு ஊரும் தனக்குப் பக்கத்தில் இருந்தவனைப் பிடித்திருக்கிறது. அந்தக் கோடையில் யாராவது ஒரு ஆள், பேருந்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து இங்கே வந்து ஒரு டீ குடித்திருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஊர் வடமேற்கில் இருக்கிறது என்பதே எங்களுக்குக் கணக்கு முடிந்த பிறகுதான் முக்கியமாயிற்று.

எஸ்தர் டீச்சர் மறுபடி வராந்தாவில் ஒரு கூட்டம் கூட்டினார். வந்தவர்கள் கொஞ்சம் பேர். படம் போட்டு விளக்கினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர், குட்டையை மூடியதும் நாற்றம் ஏன் நின்றது என்று கேட்டார். மழை என்றேன். மழையும் பெய்தது, குட்டையும் மூடியது, இதில் எது என்று எப்படித் தெரியும் என்றார். நியாயமான கேள்வி. நான் மறுபடி படத்தின் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

பலராமன் கடைசிவரை இருந்தார். எல்லோரும் போனதும் பக்கத்தில் வந்தார். மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள் என்றார். நன்றாக இருக்கிறாளாம்.

"எம்பொண்ணு விழுந்து கெடக்கறப்ப நான் யாரையாச்சும் புடிக்கணும்ல மேடம்" என்றார். "ஏரியப் போய்ப் புடிக்க முடியுமா?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வரும் என்று நினைத்துத்தான் அங்கே போயிருந்தேன்.

குயிலாப்பாளையம்

தனசேகர் இருக்கும் இடத்தை எஸ்தர் டீச்சர்தான் விசாரித்துச் சொன்னார். குயிலாப்பாளையத்தில், விருந்தினர் விடுதிகள் நிறைந்த தெரு ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சின்ன மெஸ் நடத்துகிறார்கள். ஸ்கூட்டர் வாடகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவில். மதியக் கூட்டம் வடிந்த பிறகு போனேன்.

கலைச்செல்விதான் முதலில் பார்த்தார். "அக்கா" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்த் தட்டு எடுத்துவந்து சோறு போட்டார். தனசேகர் மெலிந்திருந்தார். தலைமுடி முழுவதும் வெளுத்திருந்தது. நித்யாவுக்குப் புதுச்சேரியில் கல்யாணமாகி, மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்றார். பேத்தி பிறந்திருக்கிறாள். போனில் படம் காட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும், துடைத்த மேஜையில் நான் கொண்டுபோயிருந்த வரைபடத்தை விரித்தேன். கழுவெளியிலிருந்து கிளம்பி, உள்நாட்டுக்குப் போய், வளைந்து திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற சிவப்புப் பாதை. நிதானமாகச் சொன்னேன். அவர் விரலைப் பாதையின் ஆரம்பத்தில் வைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். தன் குட்டை இருந்த இடத்தில் விரல் நின்றது.

"எங்க குட்ட மேலதான் வந்திருக்குது" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப அவங்க சொன்னதுலயும் ஒரு இது இருக்குது."

பத்திரிகையில் எழுதுகிறேன், ஊரிலே மறுபடி கூட்டம் போடச் சொல்கிறேன், நித்யாவின் மாமியார் வீட்டுக்கு வேண்டுமானால் நானே வந்து விளக்குகிறேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பல வருஷத்து அவசரம் அப்போது வந்தது எனக்கு.

கலைச்செல்வி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, இங்க எங்கள மெஸ்ஸுக்காரங்கன்னுதான் எல்லாருக்கும் தெரியும். நித்யா வூட்லயும் அவ்ளோதான் தெரியும். நீங்க போய், இவரு ஒண்ணும் பண்ணலன்னு சொன்னீங்கன்னா, எத்த பண்ணலன்னு கேப்பாங்க. அத்த மொதல்ல சொல்லணும். அத்த யாரு சொல்றது?"

பக்கத்துக் கடையில் ஒரு ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலைச்செல்வி வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு என் பையில் வைத்தார். முரட்டுத்தனமாக அல்ல, மடங்கிவிடாமல் பார்த்து.

தனசேகர் நிறுத்தம்வரை கூட வந்தார். இறாலைப் பற்றிப் பேசினார். இப்போது விலை எவ்வளவோ ஏறிவிட்டதாம். வண்டி வந்ததும், "வந்தீங்களே, அதுவே போதும் மேடம்" என்றார். போதாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நாங்கள் அந்தக் கணக்கை ஆய்விதழில் வெளியிட்டோம். அதில் குட்டை கிடையாது, தனசேகர் கிடையாது. கடலோரத்து ஊர் ஒன்று, நன்னீரும் உப்புநீரும் கலக்கும் ஏரி ஒன்று, காற்றின் பாதை ஒன்று. சிலர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். நிறுவனத்தில் பாராட்டினார்கள்.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று போன மாதம் தனசேகருக்குப் போன் செய்து கேட்டேன். கலைச்செல்வியிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். எழுதலாம், ஆனால் பேர்களையெல்லாம் மாற்றிவிட வேண்டும் என்று நிபந்தனை. குட்டை எந்த இடத்தில் இருந்தது என்று அடையாளம் தெரியக் கூடாது. பெண்ணைக் கொடுத்த ஊரையும் மாற்ற வேண்டும். மெஸ் என்று எழுதினால் அது மெஸ்ஸாக இருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் சரி என்றேன். ஒவ்வொன்றையும் மாற்றியும் இருக்கிறேன்.

வைக்கப் போகும்போது, "மேடம்" என்றார்.

"சொல்லுங்க."

"எல்லாத்தயும் மாத்திடுங்க. எங்க குட்ட நாறலன்றத மட்டும் மாத்தாம எழுதுங்க."